சுமை தாங்காத சுவர்

ராமதுரை என்றால் யாரோ பழைய கவுன்சிலர் என்றுதான்
கரூருக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம் நினைத்திருந்தேன்.
ராமதுரை ஓடை, ராமதுரை சந்தை,
ஆட்டுத்தொட்டிப் பக்கம் ராமதுரை சந்து.
ரெக்கார்டு ரூமில் கரையான் மிச்சம் வைத்த
அளவுப் புத்தகத்தில் கையெழுத்தைப் பார்த்தேன்:
லுட்விக் ஷ்ராம்.
வாயில் நிற்காத எழுத்தைத் துப்பிவிட்டு
ராமுவை வைத்துக்கொண்டிருக்கிறது ஊர்.

ஸாலே என்றோர் ஆறு, அதன் கரையில் அவர் நகரம்.
பதினான்கு வருஷம் அங்கே நகரசபைக் கட்டடக்காரர்.
பெண்கள் பள்ளி, தீயணைப்புக் கூடம், கசாப்புக் கூடம்,
பிணவறை, பாலத்துக்குக் கைப்பிடி.
பள்ளிக் கோபுரத்துக்கு ஆறடி கூடக் கேட்டுச்
சபையோடு சண்டை. ராஜினாமா.
தரங்கம்பாடி போகும் கப்பலில் ஒரு பெட்டி,
பெட்டி நிறையக் காம்பஸ்.

இங்கே முனிசிபாலிட்டிக்கு அப்போது இரண்டு வயசு.
'சம்பளம் பாதி, ஆறு மட்டும் அதே அகலம்'
என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்.
அமராவதியை அவர் மாசியில் பார்த்திருக்க வேண்டும்.

கடுக்காய் இரண்டு மூட்டை.
வெல்லம் மூன்று துலாம்.
அதில் எறும்பு தின்றது கால் துலாம்;
எறும்புக்குத் தனித் தலைப்பு.

தாது போய் ஈசுவர வருஷம் பிறந்தும் மழையில்லை.
கையெழுத்து சிறுக்கிறது. காகிதம் மிச்சம் பிடிக்கிறார்.
சந்தைப் பின்சுவர்: நீளம் நூற்றெண்பது அடி,
உயரம் பதினொன்று, கனம் ஒன்றரை.
ஆனியில் ஒன்றரையை அடித்து மூன்று.
ஆடியில் மூன்றை அடித்து நாலரை.
அதன்மேல் கூரை ஏறவில்லை. உத்தரம் உட்காரவில்லை.
பின்னால் எந்த மண்ணும் தள்ளவில்லை.
மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டேன்.

ஆள் பட்டியல் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஆளுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணா.
திம்மபோயன், கல் உடைப்பு.
ரங்கி, ஜல்லி சுமத்தல்.
ரங்கியின் கைக்குழந்தைக்கும் ஒரு வரிசை எண்,
வேலை: சாந்துக்குக் காவல். கூலி: அரை ராத்தல்.

கோயம்புத்தூர் தணிக்கையிலிருந்து கேள்வி:
நாலரை அடி எதற்கு?
பதில் இரண்டே சொல்: மண் இளக்கம்.
போன வாரம் துளை போட்டேன்.
மூன்றடியில் பாறை. கருவியின் முனை போயிற்று.
அவருக்கும் தெரியும்; பத்தடி தள்ளிக் கிணறு வெட்டியவர்,
வெடிமருந்துக் கணக்கு நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது.
பொய் எழுதிய இடத்தில் மை கொஞ்சம் நடுங்கியிருக்கும்
என்று விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
இல்லை. கோடு போட்ட மாதிரி நேராக எழுதியிருக்கிறார்.

ஐப்பசியில் மழை. பட்டியல் மெலிகிறது.
விதைக்கப் போனார்களா, வேறெங்கும் போனார்களா,
அதற்கென்று பத்தி இல்லை.
ரங்கி கடைசி நாள் வரை இருக்கிறாள்.
சாந்துக் காவல் ஆவணிக்குப் பிறகு இல்லை.

அவர் அப்புறம் எங்கே போனார் என்று தெரியவில்லை.
அடுத்த புத்தகம் வேறு கையெழுத்தில் தொடங்குகிறது,
எறும்புக்குத் தலைப்பு கிடையாது.

கமிஷனருக்கு அந்த இடம் கார் நிறுத்த வேண்டும், நாலு அடுக்கு.
"இந்தச் செவுத்துல ஆணி எறங்காதுங்க மேடம்,
காலண்டர்கூட மாட்ட முடியாதுங்க" என்கிறார்
வாட்ச்மேன் நாச்சிமுத்து, தட்டிக் காட்டுகிறார்.
நாளைக்கு அறிக்கை போக வேண்டும்.

தாங்கும் சுமை: இல்லை.
கட்டமைப்பில் பயன்: இல்லை.
மொத்தக் கல் எண்பத்தொன்பது யூனிட்.
மூன்று யூனிட் டிப்பரில் நாற்பது நடை.
ஜேசிபிக்கு ஒன்றரை நாள்.
ஆள்: ஓட்டுநர் ஒருவர்.
பேட்டா தனி.